மணி அடிக்க ஆளில்லாத ஊரில்



வெளிநாட்டில் படித்த அனுபவத்தைப் பற்றி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை அனுப்பும்படி பள்ளியிலிருந்து கடிதம் வந்தபோது, நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். கடிதம் வந்து நான்கு வாரம் கழித்து, கடைசித் தேதிக்கு முந்தின இரவில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். இதற்குக் காரணம் சோம்பல் அன்று. பள்ளியின்மேல் அன்பில்லாமையும் அன்று. அது என்ன காரணம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நாங்கள் இரட்டையர். ஒருத்தி மற்றவளைவிடப் பதினோரு நிமிடம் மூத்தவள். முதல் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இப்பள்ளியிலேயே படித்து 2017ஆம் ஆண்டு வெளியேறினோம். எங்களைக் கற்பித்த ஆசிரியைகளில் சிலருக்கேனும் எங்களை நினைவிருக்கும். மூத்தவள் வாயாடி; இருந்த இடத்தில் இருக்கமாட்டாள்; கேள்வி முடியுமுன் பதில் சொல்லுவாள்; ஒரு பருவத்தில் மூன்று குடை தொலைத்தவள். இளையவளோ வாய் திறவாதவள். ஜன்னலோரம் அமர்ந்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பெயர் சொல்லி இரண்டு முறை அழைத்தால்தான் திரும்புவாள். மூத்தவளுக்கு முட்டிபோடும் தண்டனை அடிக்கடி கிடைத்தது. இளையவளுக்கோ ‘சாது’ என்ற பட்டம் கிடைத்தது. ஒரே வயிற்றில் பிறந்தும் இப்படி வடக்கும் தெற்குமாக இருக்கிறார்களே என்று எல்லோரும் வியந்தார்கள். எங்கள் இருவருக்கும் இருந்தது ஒரே குறை என்பது பள்ளியை விட்டு ஐந்தாண்டுகள் கழிந்த பின்னரே தெரியவந்தது.

நம் பள்ளியின் மணியை மறக்க முடியுமா? வராந்தா முனையில் தொங்கும் அந்தத் தண்டவாளத் துண்டில் பியூன் அண்ணன் இரும்புக் கம்பியால் ஓங்கி அடித்தால் தெருக்கோடி வரை கேட்கும். வரிசையில் நிற்க ஒரு மணி, பாடவேளை மாற ஒரு மணி, சாப்பாட்டுக்கு ஒரு மணி, வீட்டுக்குப் போக நீண்ட மணி. வீட்டுக்குப் போனால் அம்மாவே மணி. “டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாயா? நோட்டில் கையெழுத்து வாங்கினாயா? நாளைக்கு என்ன பரீட்சை?” என்று ஓயாமல் ஒலிக்கும் மணி. கல்லூரிக்கும் வீட்டிலிருந்தே போய் வந்தோம். எனவே எங்கள் காலில் நாங்களே நிற்பதாக எண்ணியிருந்தோம். எங்களை நிறுத்தி வைத்திருந்தவை எவை என்று எண்ணிப் பார்க்கவில்லை.

2022ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்கு ஓராண்டு முதுகலைப் படிப்புக்காகப் போய்ச் சேர்ந்தோம். இருவருக்கும் ஒரே பல்கலைக்கழகம், வெவ்வேறு துறை. குன்றின்மேல் கோட்டையும், கல்பாவிய தெருக்களும், காலையில் பனிமூட்டமுமாக ஊர் கண்ணுக்கு விருந்தாயிருந்தது. அப்பா எங்கள் இருவருக்குமாக வாங்கிய கல்விக் கடனுக்கு எங்கள் வீட்டுப் பத்திரம் வங்கியில் இருந்தது. அதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும் என்று விமானத்திலேயே உறுதி எடுத்துக்கொண்டோம்.

ஆனால் அங்கே வாரத்திற்கு எட்டு அல்லது ஒன்பது மணி நேரமே வகுப்பு. மற்ற நேரம் முழுவதும் நம் பொறுப்பு. வருகைப் பதிவுக்கு அதட்டுவாரில்லை. வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்பாரில்லை. கட்டுரைகளை ஒப்படைக்கும் தேதியைச் செப்டம்பரிலேயே கணினியில் போட்டுவிடுவார்கள். பிறகு அதைப் பற்றி வாயே திறக்கமாட்டார்கள். நாங்கள் படித்த இடத்தில், ஒவ்வொரு நாள் தாமதத்திற்கும் நூற்றுக்கு ஐந்து மதிப்பெண் கழிப்பார்கள். ஏழு நாள் கடந்துவிட்டால் பூச்சியம்.

எங்கள் முதல் பருவத்தை நினைத்தால் இன்றும் உடல் கூசுகிறது. மூத்தவள் நான்கு சங்கங்களில் சேர்ந்தாள். தன் குடியிருப்பு அடையாள அட்டையைப் பேருந்தில் தொலைத்தாள். இரண்டு முறை அரிசிச் சட்டியை அடுப்பில் வைத்து மறந்து, தீ எச்சரிக்கை மணியால் விடுதி முழுவதையும் நள்ளிரவில் தெருவில் நிறுத்தினாள். இளையவள் காலை ஒன்பது மணிக்கு நூலகத்தில் உட்கார்ந்து இரவு ஒன்பது மணிக்கு எழுந்து வருவாள். பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு பத்தி எழுதியிருப்பாள், அதையும் அடித்திருப்பாள். பொழுதெல்லாம் உழைத்தவள்போல் களைத்திருப்பாள். நாங்கள் ஒருவருக்கொருவர் உதவியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வழி தெரியாதவளுக்கு வழி தவறியவள் துணை என்றாகிவிட்டது எங்கள் கதை!

டிசம்பரில் அங்கே எட்டரை மணிக்கு மேல் விடிந்து, நாலு மணிக்குள் இருட்டிவிடும். அந்த இருட்டில் ஒருநாள், ஒப்படைக்க வேண்டிய கட்டுரையின் ஏழாம் நாளும் கழிந்த பிறகு, இளையவள் கட்டிலில் படுத்துக்கொண்டு, “அப்பாவிடம் சொல்லிவிடு டீ. நான் ஊருக்குப் போகிறேன். எனக்குப் படிப்பு வராது” என்றாள். படிப்பு வராதவளா அவள்! பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள். மூத்தவளுக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது.

மறுநாள் இருவரும் இளையவளின் பேராசிரியையைப் பார்க்கப் போனோம். திட்டுவார் என்று நடுங்கிக்கொண்டு போன எங்களை அவர் உட்காரவைத்து, “பள்ளிப் பருவத்திலிருந்தே இப்படித்தானா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிறகு மாற்றுத்திறனாளி மாணவர் உதவி அலுவலகத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மூத்தவளுக்குக் கோபம் பொங்கியது. “எங்களுக்கு என்ன ஊனம்?” என்று வெளியே வந்ததும் குமுறினாள். இருந்தும் போனோம். அங்கிருந்த ஆலோசகர் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, இருவருமே முறையான பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்றார். அந்நாட்டு அரசு மருத்துவத்தில் இதற்கான காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளும் என்றும் சொன்னார். எங்கள் படிப்பே ஓராண்டுதான்! நல்லவேளையாக, சித்தப்பா மகள் திருமணத்திற்காக டிசம்பர் விடுமுறையில் ஊருக்கு வரப் பயணச்சீட்டு எடுத்திருந்தோம்.

மதுரையில் ஒரு மனநல மருத்துவர் எங்களைத் தனித்தனியே பார்த்தார். அவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? எங்கள் பழைய ரேங்க் கார்டுகள்! பெரியவர்களுக்கு வரும் கவனக்குறைவை இந்நோய் என்று சொல்ல வேண்டுமானால், அதன் அடையாளங்கள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டுமாம். அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஒன்றாம் வகுப்பு முதல் கட்டிவைத்திருந்த கட்டைக் கொண்டுவந்தார்.

சிஸ்டர்களே, ஆசிரியைகளே! நீங்கள் பச்சை மையில் எழுதிய அந்த வரிகளை மருத்துவர் ஒன்றுவிடாமல் படித்தார். ‘பேச்சு அதிகம்.’ ‘அவசரத்தில் தவறு செய்கிறாள்.’ ‘பொருள்களைத் தொலைக்கிறாள்.’ இன்னொரு கட்டில், ‘கனவு காண்கிறாள்.’ ‘திறமை உண்டு, முயற்சி போதாது.’ ‘தொடங்கியதை முடிப்பதில்லை.’ ஆண்டுகள் மாறின, ஆசிரியைகள் மாறினர், வரிகள் மாறவில்லை. “உங்கள் ஆசிரியைகள் எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார்கள் அம்மா. பெயர்தான் தெரியவில்லை” என்றார் மருத்துவர்.

அந்தப் பெயர் கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் கோளாறு; சுருக்கமாக ஏ.டி.எச்.டி. இது அறிவுக் குறைவன்று. ஒழுக்கக் கேடும் அன்று. மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே அமைந்த ஒரு வேறுபாடு. கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்துவது, வேலையைத் தொடங்குவது, காலத்தை மதிப்பிடுவது, சொல்லையும் செயலையும் அடக்குவது ஆகியவற்றில் இது தடுமாறச் செய்கிறது. பிடித்த வேலையில் மணிக்கணக்காக மூழ்கியிருப்பவர்களும், தேவையான வேலையில் பத்து நிமிடம் நிலைக்க முடியாமல் தவிப்பதுண்டு. ‘மனமிருந்தால் செய்வாள்’ என்று பிறர் எண்ணுவது இதனால்தான். வளர்ந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். துள்ளித் திரியும் குழந்தையைப் பெரியவர்கள் எளிதில் கவனித்துவிடுகிறார்கள். அமைதியாகக் கனவு காணும் குழந்தையைக் கவனிப்பதில்லை. பெண்பிள்ளைகள் பலர் இப்படியே விடுபட்டுப் போகிறார்கள். எங்கள் இளையவள் அவர்களில் ஒருத்தி.

இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது என்று மருத்துவர் சொன்னபோது அம்மா தலைகுனிந்தார். அன்றிரவு அடுக்களையில், “நானும் பால் பொங்கி வழியாத நாளில்லாமல் வாழ்ந்தவள்தானே. எத்தனை டிபன் பாக்ஸுக்காக உங்களை அடித்திருப்பேன்!” என்று சொல்லி அழுதார். அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இதை வெளியில் சொல்ல வேண்டாம். நாளைக்கு வரன் பார்க்கும்போது வேறு மாதிரிப் பேசுவார்கள்” என்றார். அவர் கவலை எங்களுக்குப் புரிந்தது. நாங்களும் இசைந்தோம்.

மருத்துவர் இருவருக்கும் மெத்தில்ஃபெனிடேட் என்னும் மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கினார். மூளையில் டோப்பமின், நார் அட்ரினலின் என்னும் பொருள்கள் செயல்படும் நேரத்தை இம்மருந்து நீட்டிக்கிறது. இளையவளுக்கு அது நன்கு உதவியது. “வானொலியில் ஒரே சமயம் நாலு நிலையம் கேட்டுக்கொண்டிருந்தது, இப்போது ஒன்றுதான் கேட்கிறது” என்றாள். மூத்தவளுக்கோ பசி போயிற்று, தூக்கமும் போயிற்று, நெஞ்சு படபடத்தது. மருத்துவரின் சொற்படி அவள் நிறுத்திவிட்டாள். ஒரே வயிற்றுப் பிள்ளைகளுக்கே மருந்து ஒத்துப்போவதில் இவ்வளவு வேற்றுமை! எனவே பிறருடைய மாத்திரையை ஒருநாளும் வாங்கி விழுங்காதீர்கள்.

இம்மருந்துகள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. இளையவள் இரண்டு மாத மருந்தை அதன் சொந்தப் பெட்டியிலேயே, மருத்துவரின் கடிதத்தோடும் மருந்துச் சீட்டோடும் எடுத்துச் சென்றாள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு விதி உண்டு. ஆம்ஃபெட்டமின் மருந்தை ஜப்பானுக்குள் மருத்துவர் சீட்டோடுகூடக் கொண்டுபோக முடியாது. வெளிநாடு செல்லும் தங்கையர் புறப்படுமுன் இதை விசாரித்துக்கொள்ள வேண்டும். அங்கே போன பின் மருந்தை எழுதித் தருவார் யார் என்பதையும் முன்னரே கேட்டுவைக்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை. இந்திய மருத்துவரின் கடிதத்தை மட்டும் வைத்து எழுதித் தர இயலாது என்று அங்குள்ள மருத்துவர் மறுத்துவிட்டார். மார்ச் மாதத் தொடக்கத்தில் மருந்து தீர்ந்தது. படிப்பு முடிய இன்னும் ஆறு மாதம் இருந்தது.

எங்களுக்குக் கைகொடுத்தது அந்த ஊரின் பீரங்கி என்றால் நம்புவீர்களா?

எடின்பரோ கோட்டையில் ஞாயிறும் சில விடுமுறை நாள்களும் நீங்கலாக நாள்தோறும் பகல் ஒரு மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள். 1861ஆம் ஆண்டு தொடங்கிய வழக்கம் இது. அருகிலுள்ள லீத் துறைமுகத்து மாலுமிகள் தங்கள் கடிகாரங்களைச் சரிசெய்துகொள்வதற்காக ஏற்பட்டது. அதற்கு முன் கால்ட்டன் குன்றின் கோபுரத்தில் ஒரு பெரிய பந்தை ஒரு மணிக்குக் கீழே இறக்குவார்கள். பனிமூட்டத்தில் பந்து தெரியாது என்பதால் பீரங்கியையும் சேர்த்தார்கள். கடிகாரம் பிசகினால் நடுக்கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று கணிக்க முடியாது. உலகைச் சுற்றிய மாலுமிகளே வெளியிலிருந்து ஒரு வெடிச்சத்தத்தை எதிர்பார்த்திருந்தார்கள் என்றால், நாங்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்? அதே ஊரில், வேவர்லி ரயில் நிலையத்தை ஒட்டிய ஓட்டலின் மணிக்கூண்டில் கடிகாரத்தை வேண்டுமென்றே மூன்று நிமிடம் முன்னதாக ஓட விடுகிறார்கள், மக்கள் ரயிலைத் தவறவிடக் கூடாதென்று! தாமதம் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை என்று அன்று தெரிந்துகொண்டோம்.

இன்னொரு செய்தியும் எங்களுக்கு ஆறுதல் தந்தது. எடின்பரோவில் 1763இல் பிறந்த அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற மருத்துவர், 1798இல் வெளியிட்ட தம் நூலில் இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு பொருளில் கவனம் நிலைக்காமல் சிறு ஓசைக்கும் சிதறிப்போவதையும், அது சிலருக்குப் பிறவியிலேயே அமைந்திருப்பதையும் குறித்திருக்கிறார். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எங்களைப் புரிந்துகொண்ட ஊரில்தான் நாங்கள் அழுதுகொண்டிருந்தோம்.

அன்று முதல் எங்கள் மணிகளை நாங்களே தொங்கவிட்டோம். பீரங்கி வெடித்தால் இருவரும் கையிலிருந்ததை நிறுத்தி மூன்று கேள்வி கேட்டுக்கொள்வோம்: சாப்பிட்டாயா, இப்போது எந்த வேலையில் இருக்க வேண்டும், அதில்தான் இருக்கிறாயா? கதவின் உட்புறம் ‘சாவி, அட்டை, செல்போன், கோட்டு’ என்று பெரிதாக எழுதி ஒட்டினோம். சட்டியைத் தூக்கிவிட்டு, தானாகவே அணையும் ரைஸ் குக்கர் வாங்கினோம். நூலகத்தில் நைஜீரியத் தோழி ஒருத்தியின் மேசையில் தினமும் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை உட்கார்ந்தோம். அவள் எங்களுக்கு எதுவும் கற்பிக்கவில்லை. அருகிலிருந்து தன் வேலையைச் செய்தாள், அவ்வளவே. ஆள் அருகிலிருந்தால் எங்கள் கை ஓடியது. உதவி அலுவலகத்தார் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஏழு நாள் கூடுதல் அவகாசம் அளித்தனர். முதல் தடவை அந்த ஏழு நாளையும் சும்மாவே கழித்தோம்! அதன் பிறகு பேராசிரியையிடம் சென்று, வியாழன்தோறும் இரண்டு பக்கம் எழுதிவந்து காட்டுகிறோம் என்று வேண்டிக்கொண்டோம். கூடுதல் நாளைவிட அந்த வியாழக்கிழமையே எங்களைக் காப்பாற்றியது.

காலையில் எழுப்புவது அம்மாவின் பொறுப்பு. நம் ஊரில் பகல் பன்னிரண்டரைக்கு அம்மா போன் செய்தால் அங்கே காலை ஏழு மணி. இந்த மணி பிசகியதே இல்லை, ஒரே ஒரு நாள் தவிர. 2023 மார்ச் 26ஆம் தேதி அங்கே வழக்கம்போல் கோடைக்காலத்திற்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைத்தார்கள். நாங்கள் அம்மாவிடம் சொல்ல மறந்தோம். மறுநாள் திங்கட்கிழமை அம்மா தவறாமல் பன்னிரண்டரைக்கே அழைத்தார். அங்கே மணி எட்டு! மூத்தவள் எட்டு மணிக்குக் குழுவாகச் சென்று பேச வேண்டிய நிகழ்ச்சியைத் தவறவிட்டாள். பழைய நாளாயிருந்தால் ஒரு வாரம் அறைக்குள் ஒளிந்திருப்பாள். அன்றோ நேரே போய் நடந்ததைச் சொல்லி, வேறு நாள் கேட்டு வாங்கிக்கொண்டாள். மருந்தில்லாத அந்த மாதங்களில் நாங்கள் கற்ற பெரிய பாடம் இது. தவறுவோம், தவறியதும் ஒளியாமல் உடனே சொல்ல வேண்டும். முதல் பருவத்தில் எங்களை வீழ்த்தியதில் பாதி மறதி, பாதி வெட்கம்.

2023 ஆகஸ்டில் இருவரும் ஆய்வுக் கட்டுரையை ஒப்படைத்தோம். இளையவள் பூச்சியம் வாங்கிய கட்டுரையை மறுபடி எழுதித் தேறினாள். வகுப்பில் முதலிடம் வரவில்லை. நடுவில் எங்கோ வந்தோம். இப்போது இருவரும் வேலை செய்து கடனைச் சிறிது சிறிதாக அடைத்து வருகிறோம். குடை இன்னும் தொலைகிறது. இளையவள் மருத்துவர் மேற்பார்வையில் மருந்தைத் தொடர்கிறாள்.

இந்தக் கட்டுரையைப் பற்றி அப்பாவிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டோம். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: “பெயர் போடாமல் எழுதுங்கள். அந்த வகுப்பில் இன்னொரு பிள்ளை உட்கார்ந்திருக்கும்.”

பெற்றோரே, சிஸ்டர்களே! கவனம் சிதறும் பிள்ளைகள் எல்லோருக்கும் இக்கோளாறு உண்டென்று நாங்கள் சொல்லவில்லை. அதை மருத்துவரே ஆராய்ந்து சொல்ல வேண்டும். ஆனால் ஒரே வரியை ஆண்டுதோறும் ரேங்க் கார்டில் எழுத நேர்ந்தால், அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, “உனக்கு எது கஷ்டமாக இருக்கிறது?” என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

தங்கையரே! ஜன்னலோரம் இருக்கும் தோழி அடுத்த முறை பாடப் பக்கத்தைத் தவறவிட்டால், சிரிக்காமல் அவள் புத்தகத்தைத் திருப்பி வையுங்கள். பியூன் அண்ணன் அடிக்கும் மணியைத் திட்டாதீர்கள். அந்த ஓசையைத் தேடி ஆறாயிரம் மைல் அலைந்த இருவர் இதைச் சொல்லுகிறோம்.

முன்னாள் மாணவியர் இருவர்